அக்கவுண்டிங்கில் ஒரு கதை உண்டு

ஆசிரியருக்கு,

கணக்கியல் படிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், 'அக்கவுண்டிங் என்றால் எண்களைக் கூட்டிக் கழிப்பது' என்று ஒரு வரி. பாதிதான் சரி. அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'கம்ப்யூட்டாரே' என்ற வினையிலிருந்து வந்தது. எண்ணிப் பார்ப்பது என்று பொருள். கம்ப்யூட்டருக்கும் அதுதான் வேர். ஆனால் பழைய பிரெஞ்சில் எண்ணுவதற்கும் கதை சொல்வதற்கும் ஒரே சொல்தான். அதனால்தான் ஆங்கிலத்தில் 'அக்கவுண்ட்' என்பது வரவு செலவையும் குறிக்கும், நடந்ததை விவரிப்பதையும் குறிக்கும். நாமும் கணக்கை 'ஒப்புவிக்கிறோம்' அல்லவா?

பேரேட்டில், அதாவது கணக்குகளைப் பதியும் புத்தகத்தில், ஒரு வரியைப் பாருங்கள். தேதி, யாரிடமிருந்து, எதற்காக, அப்புறம்தான் தொகை. முதல் மூன்றையும் அழித்துவிட்டால் மிஞ்சும் 5,000 யாருக்கும் எதுவும் சொல்லாது.

1494இல் வெனிஸில் அச்சான தன் நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் இரண்டு கணக்குகளில் பதியும் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். (அவர் கண்டுபிடித்ததாகப் பலர் எழுதுகிறார்கள், இத்தாலிய வணிகர்கள் முன்பே அதைக் கையாண்டார்கள்.) 'கிரெடிட்' என்ற சொல்லின் வேர்கூட லத்தீனில் 'நம்பு' என்பதுதான். கட்டுரையாளர் அடுத்த முறை இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

– ஒரு கணக்கியல் ஆசிரியர்