பழையதா, புதியதா என்று கேட்பதற்கு முன்: தொகுப்புப் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவும் மென்பொருள் தொகுப்புகளைப் பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் ஊதியமின்றி உழைப்பதால்தான் என் கணினிகள் ஓடுகின்றன. அந்த நன்றியை மனத்தில் வைத்தே இந்தக் குறையை எழுதுகிறேன்.

மேம்படுத்தல் பாதியில் இருக்கும்போது திரை நின்றுவிடுகிறது. ஒரு மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்வது அதன் அமைவுக் கோப்பு. நான் திருத்திய அமைவுக் கோப்பை வைத்துக்கொள்வதா, தொகுப்போடு வந்த புதியதை ஏற்பதா என்று டெபியன் வகை லினக்ஸில் தொகுப்புகளை நிறுவும் கருவியான டிபிகேஜி கேட்கிறது. வெறுமனே என்டரை அழுத்தினால் என்னுடையது நீடிக்கும். ‘டி’ தட்டினால் கூட்டல், கழித்தல் குறிகளோடு வேறுபாடுகள் வரும். எந்த வரி மாறியது என்பது அதில் தெரிகிறது. ஏன் மாறியது என்பதுதான் தெரிவதில்லை.

ஓர் இரவு, தொலைவில் இருந்த சர்வர் ஒன்றில், தொலைவிலிருந்தே உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் அமைவுக்கு இப்படியொரு கேள்வி வந்தது. புதியதுதானே பாதுகாப்பு என்று நம்பி அதையே ஏற்றேன். எந்த வாசல் வழியாக இணைவது என்று சொல்லும் போர்ட் எண்ணை நான் மாற்றி வைத்திருந்தேன்; அது போய், வழக்கமான 22 திரும்பியது. வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் 22 மூடியிருந்தது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பு அறுபடாததால் எல்லாம் சரியென்று எண்ணி வெளியேறினேன். மறுபடி உள்ளே நுழைய முடியவில்லை. விடிந்த பிறகு ஒருவர் அந்த இயந்திரத்துக்கு நேரில் போய் விசைப்பலகையைச் செருக வேண்டியிருந்தது.

அப்படியானால் எப்போதும் பழையதையே வைத்துக்கொள்ளலாமா? அதுவும் ஆபத்துதான். 2025இல் வந்த டெபியன் 13இல் இருக்கும் டவ்காட் 2.4 என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருள், முந்தைய அமைவுக் கோப்புகளை ஏற்காது. வெளியீட்டுக் குறிப்பில் டெபியன் இதைச் சொல்லியிருக்கிறது, பாராட்டுகிறேன். ஆனால் விடை கேட்கும் அந்தத் திரையில் காரணம் இல்லையே! ரெட் ஹேட், ஃபெடோரா போன்றவற்றின் தொகுப்புக் கருவியான ஆர்பிஎம் கேட்பதுகூட இல்லை. பெரும்பாலும் ஒரு வரி எச்சரிக்கையோடு, ‘ஆர்பிஎம்நியூ’ என்ற பின்னொட்டுடன் புதிய கோப்பைப் பக்கத்தில் வைத்துவிடுகிறது.

அமைவு மாறும்போதெல்லாம் தொகுப்பின் முக்கிய மாற்றங்களை அறிவிக்கும் நியூஸ் கோப்பில், காரணத்தை இரண்டு வரி எழுதுங்கள். அந்தக் கோப்பை எடுத்துக் காட்டும் ஏபிடி-லிஸ்ட்சேஞ்சஸ் கருவியை வைத்திருப்போர் நிறுவலுக்கு முன்பே அதைப் படித்துவிடுவார்கள். இயன்ற இடங்களில் பயனரின் மாற்றங்களுக்குத் தனி அடைவு (ஃபோல்டர்) கொடுங்கள். டெபியனில் எஸ்எஸ்எச்சுக்கு இப்போது அந்த வசதி இருக்கிறது: போர்ட் எண்ணைத் தனிக் கோப்பில் எழுதி அந்த அடைவில் போட்டால், முதன்மைக் கோப்பைத் தொடவே வேண்டாம், கேள்வியும் எழாது.

அப்படி அடைவு கொடுத்தால், முதன்மைக் கோப்பின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். மாற்ற வருபவர் முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான்.

அன்புடன்,
உங்கள் தொகுப்புகளை நம்பியிருக்கும் ஒரு பயனர்