மறுக்க வேண்டிய நிரலும் தேர்வில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் பாடமாக வைக்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கம்பைலர் (நிரலைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பாடம் நடத்தும் எனக்கு இதில் முழுச் சம்மதம். ஆனால் அந்தக் கம்பைலரைச் சோதிக்கும் முறையையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். நம் ஆய்வகத் தேர்வுகளில் விடை வந்தால் மதிப்பெண், அவ்வளவுதான். தவறான நிரல் சரியான காரணத்தோடு மறுக்கப்படுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

எந்த டைப்புக்கும் (தரவு வகைக்கும்) 'ஃபூ' என்ற டிரெய்ட் (ஒரு டைப்புக்கு இருக்க வேண்டிய திறனைச் சொல்லும் விதி) உண்டு, ஆனால் அந்த டைப்பை 'பார்' என்ற உறையில் போட்டால் உறைக்கும் 'ஃபூ' இருந்தாக வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். உறையைச் சரிபார்க்க உறைக்குள் உறை, அதற்கு மேல் இன்னோர் உறை. இப்படி உள்ளே போகும் ஆழத்துக்கு வழக்கமான வரம்பான 128-ஐத் தாண்டியதும் கம்பைலர் இ0275 என்ற பிழையைச் சொல்லி நின்றுவிடும். வரம்பை 256 ஆக்கலாமே என்று யோசனையும் தரும். இந்த நிரலுக்கு எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. ஏன் என்று மாணவர்களே யோசித்துச் சொல்லட்டும்.

அதற்காகச் சுற்றி வருவதெல்லாம் தப்பு என்றும் ஆகிவிடாது. லிங்க்டு லிஸ்டின் (ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைச் சுட்டும் பட்டியலின்) ஒரு நோடை, அதாவது கண்ணியை, வேறு த்ரெட்டுக்கு (இணையாக ஓடும் செயல்வரிசைக்கு) அனுப்பலாமா என்று கேட்டால், கேள்வி சுற்றிக்கொண்டு அதே நோடிடம் வந்து நிற்கும். அங்கே கம்பைலர் சரி என்று ஏற்றுக்கொள்ளும். 'மரம்' என்ற டிரெய்ட்டில் 'கிளை' என்ற அசோசியேட்டட் டைப்பும் (டிரெய்ட்டோடு சேர்த்துக் குறிப்பிடும் இன்னொரு டைப்பும்) மரமாகவே இருக்க வேண்டும் என்று விதித்து, ஒரு டைப் தன்னையே கிளையாகக் காட்டினாலும் கம்பைல் ஆகும். ஏற்க வேண்டியதற்கும் மறுக்க வேண்டியதற்கும் தனித்தனிச் சோதனை தேவைப்படுவது இதனால்தான்.

ரஸ்ட் கம்பைலரைச் சோதிக்கும் தொகுப்பில், மறுப்புச் சோதனையின் பக்கத்திலேயே, வர வேண்டிய பிழைச்செய்தி ஒரு கோப்பாக இருக்கும். வாசகம் மாறினால் சோதனை தோற்கும். 'பிளெஸ்' என்று கட்டளையிட்டால் புதிய செய்தி அப்படியே பதிவாகிவிடும். அதை வாசிக்காமல் பதிவது பெரிய ஆபத்து. 2025 ஜனவரியில் வந்த 1.84 பதிப்பில், டிரெய்ட்டை டைப்புகளுக்குப் பொருத்தும் இம்ப்ளிமென்ட்டேஷன்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கும் வேலை எந்த டைப்புக்கு எந்த டிரெய்ட் உண்டு என்று தீர்மானிக்கும் கம்பைலர் பகுதியான டிரெய்ட் சால்வரின் புதிய வடிவத்துக்கு மாறியது. இப்படி உள்ளே இருப்பதையே மாற்றும்போது பழைய சோதனைகள்தான் காவல்.

பாடத்திட்டக் குழுவினர் ஆய்வகத் தேர்வில் ஒரு கேள்வியாவது இப்படி வைக்கட்டும்: மறுக்கப்பட வேண்டிய நிரல் ஒன்றை எழுதி, வர வேண்டிய பிழையையும் அதன் காரணத்தையும் முன்கூட்டியே குறிப்பிடுக.

இப்படிக்கு,
கணினித்துறை ஆசிரியை,
திருநெல்வேலி.