கொங்கு நாட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு: வால்யூம் பட்டன் லினக்ஸிலும் எடுக்கும்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், பொள்ளாச்சி என்று கொங்கு நாடு முழுக்கக் கம்ப்யூட்டர் விற்கிற, சர்வீஸ் பார்க்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கமுங்க.

திருப்பூரில் சில பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்கும் அவிநாசி பக்கம் ஓரிரு பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்ப்பது என் வேலை. மவுஸ், ராம், எஸ்எஸ்டி எல்லாம் உங்கள் கடைகளில்தான் வாங்குகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்ட மெஷினுக்குக் கீபோர்டு கேட்டு வருகிறவரிடம், "மேல இருக்கிற வால்யூம் பட்டன், பாட்டு பட்டனெல்லாம் லினக்ஸ்ல எடுக்காதுங்க" என்று சொல்லி அனுப்புவதை விட்டுவிடுங்கள். பெரும்பாலான மல்டிமீடியா கீபோர்டுகளில் அவை செருகின உடனேயே எடுக்கும். எடுக்காத சிலவற்றிலும் கோளாறு எங்கே என்று கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடலாம்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதுத் தலைமுறை பிராசஸரும் இல்லாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷின்கள் நம் பக்கத்து ஆபீஸ்களில் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொள்கிறார்கள். கணக்கு மென்பொருளான டேலியை ரிமோட்டில் வேறு சர்வரில் ஓட்டுகிறார்கள், மிச்ச வேலையெல்லாம் பிரவுசரில் நடந்துவிடுகிறது. மெஷின் தாக்குப்பிடிக்கும், கீபோர்டு பிடிக்காது. நிட்டிங்கும் கட்டிங்கும் நடக்கிற கட்டடத்திலேயே ஆபீஸும் இருப்பதால் பஞ்சுத் தூசி கீ இடுக்குகளில் இறங்கிவிடும். ஸ்பேஸ் பாரைக் கழற்றினால் அடியிலிருந்து நூல் நூலாக வரும். அதனால் கீபோர்டு மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, உங்களிடம் வருகிறார்கள். அங்கே இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, லினக்ஸே அரைகுறைச் சரக்கு என்ற எண்ணத்தோடு திரும்புகிறார்கள்.

லினக்ஸ் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. வாளையாறு தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் வருடக்கணக்காக லினக்ஸ்தான் ஓடுகிறது. நம் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

ஒரு பாட்டு பட்டனுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். சூலூர் பக்கம் பார்வையில்லாத ஆசிரியை ஒருவர் இருக்கிறார். லினக்ஸில் ஆர்க்கா என்ற நிரல் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்ல, அதைக் கேட்டே மதிப்பெண் பட்டியல், வினாத்தாள் எல்லாம் தயார் செய்கிறார். பிள்ளைகள் சத்தம் போடும்போது அந்தக் குரலைக் கூட்ட வேண்டும், யாராவது பேச வந்தால் அந்த நொடியே அடக்க வேண்டும். அவருக்கு மியூட் பட்டன் ஆடம்பரம் கிடையாது. மவுஸை எடுத்து ஓரத்தில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் பண்ணுங்கள் என்று அவரிடம் சொல்ல முடியுமா? கீபோர்டு வாங்கப் போன கடையில், "மியூட் லினக்ஸ்ல வராதுங்க டீச்சர், விண்டோஸ் போட்டுத் தரட்டுமா" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கீபோர்டையே வாங்கி வரச் சொல்லி அவர் மெஷினில் செருகினேன். மியூட் உடனே எடுத்தது, வால்யூமும் எடுத்தது. கடையில் ஒருவரும் செருகிப் பார்க்கவே இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

சரி, பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். யூஎஸ்பி மல்டிமீடியா கீபோர்டு ஒன்றைச் செருகினால் லினக்ஸுக்கு அது பெரும்பாலும் இரண்டு சாதனங்களாகத் தெரியும். ஒன்று எழுத்துகளுக்கு. இன்னொன்று கன்ஸ்யூமர் கண்ட்ரோல் என்ற பெயரில் இருக்கும், வால்யூம், ப்ளே, அடுத்த பாட்டு, கால்குலேட்டர் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். இது கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான யூஎஸ்பியின் ஹெச்ஐடி தரத்திலேயே உள்ள ஏற்பாடு. அந்தத் தரத்தில் 12 என்று எண்ணிட்ட பிரிவின் அட்டவணையில் வால்யூம் கூட்ட 233, குறைக்க 234, மியூட்டுக்கு 226, ப்ளே/பாஸுக்கு 205, கால்குலேட்டருக்கு 402 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் படிப்பதும் இதே எண்களைத்தான். தரத்தை ஒட்டிச் செய்த கீபோர்டுக்கு டிரைவர் சிடி எதற்கும் வேலையில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இந்த எண்ணை வாங்கித் தன் எண்ணாக மாற்றிக்கொள்ளும்: மியூட் 113, குறைக்க 114, கூட்ட 115. எக்ஸ்11 திரை அமைப்பு அதோடு 8 கூட்டி 121, 122, 123 என்று வைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே டெஸ்க்டாப் உட்கார்ந்துகொண்டு, 123 வந்தால் சத்தத்தைக் கூட்டு என்று முடிவெடுக்கும்.

போர் மோட்டார் ஓடவில்லை என்றால் நம் ஊர் மெக்கானிக் எடுத்த எடுப்பில் மோட்டாரை மேலே தூக்க மாட்டார். மூன்று ஃபேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் இழுக்கிறதா, கேபிளில் விட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் சங்கிலியை மாட்டுவார். கீபோர்டையும் அப்படியே கீழிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

அதற்கு ஈவ்டெஸ்ட் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஓட்டினால் சாதனங்களின் பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒரே கீபோர்டின் பெயர் பட்டியலில் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்து வால்யூமை அழுத்துவார்கள், ஒன்றும் வராது, கீபோர்டே ஆகாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெயரோடு கன்ஸ்யூமர் கண்ட்ரோல் என்று ஒட்டிக்கொண்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்தினால் 115, மதிப்பு 1 என்று வரும். விரலை எடுத்தால் 115, மதிப்பு 0. இரண்டும் வந்துவிட்டதா? அப்படியென்றால் கீபோர்டும் நன்றாக இருக்கிறது, கெர்னலும் நன்றாக இருக்கிறது. மிச்சம் டெஸ்க்டாப் அமைப்புதான். அங்கே கீபோர்டு ஷார்ட்கட் பகுதியில் யாராவது அழித்து வைத்திருப்பார்கள். ஐ3, ஓப்பன்பாக்ஸ் போல எடை குறைந்த அமைப்பாக இருந்தால் எந்தப் பட்டனுக்கு என்ன நடக்க வேண்டும் என்று நாமே ஒரு வரி எழுத வேண்டியிருக்கலாம். சத்தத்துக்கு டபிள்யூபிசிடிஎல், பாட்டுக்கு ப்ளேயர்சிடிஎல் என்று தயார் கட்டளைகள் இருக்கின்றன.

ஈவ்டெஸ்ட்டில் ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் எஃப்என் பட்டனைப் பாருங்கள். பல கீபோர்டுகளில் வால்யூமும் எஃப் வரிசையும் ஒரே பட்டனில் இருக்கும். எஃப்என் மாற்றம் பெரும்பாலும் கீபோர்டுக்குள்ளேயே நடந்துவிடும், இயங்குதளத்துக்குத் தெரியாது. எஃப்என்னோடு எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் பூட்டு மாறுகிற மாடல்கள் நிறைய. லினக்ஸில் எடுக்கவில்லை என்று என்னிடம் வருகிற புகார்களில் கணிசமானவை இந்தப் பூட்டோடு தீர்ந்துவிடுகின்றன.

அப்புறம் இதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்று உண்டு. கணக்கு எழுதுகிறவர்களை அது பாடாய்ப் படுத்தும். டேலியில் எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். வருடக்கணக்கில் பழகின கை கீபோர்டைப் பார்க்காமலே அழுத்தும். ஒரு ஆபீஸில் ஆசைப்பட்டு நல்ல விலையில் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினார்கள். எஃப்8 அழுத்தினால் விற்பனை வவுச்சர் வரவில்லை, பிரவுசரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. எஃப்9-க்கு அடுத்த பாட்டு, எஃப்10-க்கு மியூட். பில் போட வேண்டிய அம்மிணிக்குக் கையே ஓடவில்லை. விஷயம் என்னவென்றால், சில மெக்கானிக்கல் கீபோர்டுகள் செருகும்போது தங்களை ஆப்பிள் கீபோர்டு என்றே அறிமுகம் செய்துகொள்கின்றன. கெர்னலும் அதை நம்பி ஹெச்ஐடி-ஆப்பிள் என்ற டிரைவரைக் கொடுத்துவிடும். ஆப்பிள் வழக்கப்படி மேல்வரிசையில் பாட்டும் சத்தமும்தான் முதலில், எஃப் எண்கள் பின்னால். அந்த டிரைவருக்கு எஃப்என்மோட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை 2 என்று வைத்தால் எஃப் வரிசை திரும்பி வந்துவிடும். டிரைவர் அமைப்புகளை எழுதி வைக்கிற மோட்ப்ரோப் கோப்பில் ஒரே ஒரு வரி. சமீபத்திய கெர்னல்களில் இதைத் தானே பார்த்துக்கொள்கிற ஏற்பாடும் வந்திருக்கிறது, ஆனால் பழைய பதிப்பு போட்ட மெஷின்கள் இன்னும் நம் பக்கம் நிறைய ஓடுகின்றன.

மூன்றாவது வகை: ஸ்கேன்கோடு, அதாவது பட்டன் அனுப்புகிற மூல எண், வருகிறது, ஆனால் கெர்னலுக்கு அது எந்தப் பட்டன் என்று தெரியவில்லை, அல்லது தப்பாக எடுத்துக்கொள்கிறது. பழைய பிஎஸ்2 கீபோர்டாக இருந்தால் கெர்னல் தன் பதிவிலேயே தெரியாத பட்டன் அழுத்தப்பட்டது என்று எழுதி, அதைச் சேர்க்கிற கட்டளையையும் சொல்லிவிடும். யூஎஸ்பிக்கு, சாதனங்களைக் கவனித்துக்கொள்கிற யூடெவ் நிரலின் ஹெச்டபிள்யூடிபி என்ற சாதனப் பட்டியல்தான் வழி. கீபோர்டின் தயாரிப்பாளர் எண்ணும் மாடல் எண்ணும் முதல் வரியில் இருக்க வேண்டும். இந்த ஸ்கேன்கோடு வந்தால் இந்தப் பட்டன் என்பது இரண்டாவது வரி. இரண்டாவது வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விட மறந்துவிடாதீர்கள், விடாவிட்டால் எடுக்காது. அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டு, கீபோர்டைக் கழற்றிச் செருகினால் முடிந்தது.

மடிக்கணினியில் மைக் மியூட் பட்டன் மட்டும் அடம்பிடித்தால் அதற்குத் தனிக் காரணம் உண்டு. கெர்னலில் அதன் எண் 248. எக்ஸ்11 வழக்கப்படி 8 கூட்டினால் 256 ஆகிவிடும், எக்ஸ்11-க்கு 255-க்கு மேல் எண்ணே கிடையாது. அதனால்தான் பல மாடல்களுக்கு அந்தப் பட்டனை எஃப்20 என்று மாற்றிக் கொடுத்திருந்தார்கள். எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்ட் திரை அமைப்பில் இந்த எல்லை இல்லை.

உங்கள் கடைத் தம்பிகள் இணையத்தில் தேடும்போது எக்ஸ்மோட்மேப், லீனாக், கீடச் என்று பட்டன்களை அமைக்கிற பழைய நிரல்களைப் பற்றிய குறிப்புகள் வரும். இருபது வருடத்துக்கு முன்னால் அவை தேவைப்பட்டன. ஒவ்வொரு கீபோர்டுக்கும் தனியாகப் பட்டியல் எழுதி உயிர் கொடுத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. "எடுக்காது" என்ற பேச்சும் அந்தக் காலத்து நிலைமையிலிருந்து தங்கிவிட்டதுதான். இன்றைக்கு அந்த வழிகளில் போனால் நேரம்தான் வீணாகும். வேலண்ட் அமைப்பில் எக்ஸ்மோட்மேப் எடுக்கவே எடுக்காது.

உண்மையிலேயே வராத பட்டன்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. விளையாட்டுக்காரர்களுக்கான கீபோர்டுகளில் மேக்ரோ பட்டன்கள் சில, கம்பெனியின் விண்டோஸ் மென்பொருள் எழுப்பி விட்டால் ஒழிய எந்த எண்ணையும் அனுப்பாது. விளக்கு நிறம் மாற்றுவதும் பல மாடல்களில் அப்படித்தான். அந்த மாடல்களைக் காட்டி, "இந்த நாலு பட்டன் மட்டும் வராதுங்க, மத்ததெல்லாம் வரும்" என்று சொல்லுங்கள். அப்படி ஒரு பதிலைக் கேட்ட வாடிக்கையாளர் அந்தக் கடையை விட்டுப் போக மாட்டார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கவுண்டரில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லைவ் லினக்ஸ் போட்டு, அதில் ஈவ்டெஸ்ட்டையும் சேர்த்து வையுங்கள். ஹார்டுடிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே மெஷின் கிளம்பும். லினக்ஸுக்கு என்று யாராவது கேட்டால் கீபோர்டைச் செருகி அவர் கண் முன்னாலேயே பட்டன்களை அழுத்திக் காட்டுங்கள். அதே மெஷினில் தமிழ்99 தட்டச்சையும் போட்டுக் காட்டினால் ஆசிரியர்களும் டிடிபி வேலை பார்ப்பவர்களும் ரொம்ப சந்தோஷப்படுவார்கள். ஒவ்வொரு மாடலிலும் எது எடுத்தது, எது எடுக்கவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி யாரையும் கேட்காமல் பதில் சொல்லலாம்.

இரண்டு வரி எழுதிச் சரி செய்த கீபோர்டு ஏதாவது இருந்தால், அந்த வரிகளை உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டாம். யூடெவை உருவாக்குகிற சிஸ்டம்டி திட்டத்தில் 60-கீபோர்டு என்று ஒரு ஹெச்டபிள்யூடிபி கோப்பு இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் மேஜையில் சோதித்து அனுப்பிய வரிகள் அதில் வரிசையாக இருக்கின்றன. நீங்கள் அனுப்புவதும் சேர்ந்துவிட்டால், அதே கீபோர்டைக் கோபியிலோ தாராபுரத்திலோ வாங்குகிறவருக்குப் புதுப் பதிப்பில் தானாகவே எடுக்கும். அனுப்புகிற முறை தெரியவில்லை என்றால் எண்களை மட்டும் எழுதி வையுங்கள், எழுதி அனுப்புகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்து சரக்கு எடுக்க வரும்போது என் பென்டிரைவும் கையில் இருக்கும், கவுண்டரில் ஒரு மெஷினை மட்டும் கொஞ்ச நேரம் விட்டுக்கொடுங்க.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்