எதிர்நோக்கை வாசிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி கத்தோலிக்கப் பங்குகளில் திருவழிபாட்டுக் குழுக்களில் பணிபுரிவோருக்கும், வாசக மேடையில் நிற்போருக்கும், மறையுரை ஆற்றும் அருள்தந்தையருக்கும் வணக்கம்.

2024 டிசம்பர் 1, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. 24 மணி நேரத்தில் அந்நகரில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியிருந்தது. கடலூரில் எங்கள் கோவிலில் மின்சாரம் இல்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களை நகத்தால் பிரித்துப் பிரித்து ஒரு பெண் இறைவாக்கினர் எரேமியாவின் நூலிலிருந்து வாசித்தார். மைக் இல்லாததால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து லூக்கா 21-ஆம் அதிகாரம் வந்தது. கடலின் முழக்கத்தால் மக்களினங்கள் கலங்கும், மனிதர் அச்சத்தால் மயங்கி விழுவர், இவை நிகழத் தொடங்கும்போது நீங்கள் தலைநிமிர்ந்து நில்லுங்கள் என்கிறார் இயேசு. அன்றைக்கென்று யாரும் தேடி எடுத்த பகுதி அல்ல அது. திருப்பலி வாசகங்களின் மூவாண்டுச் சுழற்சியில் அந்த ஞாயிற்றுக்கு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. இரவெல்லாம் கடல் இரைந்ததைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் அந்த வரியில் நிமிர்ந்து பார்த்தார்கள். மறையுரையோ குடில் கட்டுவதையும் கேரல் பவனி வரும் தெருக்களையும் சொல்லி முடிந்தது.

அந்த மனக்குறையே இம்மடலை எழுத வைத்தது. திருவருகைக்கால வாசகங்களில் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி மூன்றும் இடரில் கிடப்பவர்களிடம் பேசப்படுகின்றன. அந்த இடரை விட்டுவிட்டு வாசித்தால் எஞ்சுவது வாழ்த்து அட்டை வாசகம்தான்.

முதலில் எதிர்நோக்கு என்ற சொல்லைப் பற்றி. விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்றிருப்பதை நமது புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறது. முன்பு நம்பிக்கை என்று சொன்னதே இப்போது எதிர்நோக்கு. முன்பு விசுவாசம் என்று சொன்னது நம்பிக்கையாகிவிட்டது. திருஅவையின் சிறப்புப் புனித ஆண்டான 2025 யூபிலி ஆண்டு முழுவதும் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற பதாகையின் கீழ் நடந்தோம், ஆனாலும் என் அம்மாவைப் போன்ற முதியவர்களுக்கு அச்சொல் இன்னும் அந்நியமாகவே இருக்கிறது. வலையோடு போனவர் திரும்புகிறாரா என்று கரையில் நின்று கடலையே பார்த்திருப்பதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. வழி பார்த்திருத்தல் என்பார்கள். வாசகத்துக்கு முன் அரை நிமிடம் எடுத்து இதை விளக்கினால் போதும்.

அமைதிக்கு வருகிறேன். அவ்வாண்டின் இரண்டாம் ஞாயிற்றுக்குரிய முதல் வாசகத்தில், பிள்ளைகளை நாடுகடத்தலில் இழந்த எருசலேமுக்குக் கடவுள் சூட்டுவதாகப் பாரூக்கு நூல் சொல்லும் பெயர், நீதியில் ஊன்றிய அமைதி. அதே பகுதியிலும் அன்றைய நற்செய்தியிலும் பள்ளத்தாக்குகள் நிரப்பப்படும் என்று வருகிறது. சாத்தனூர் அணையின் வெள்ளம் தென்பெண்ணை வழியே புகுந்து வீடுகளை நிரப்பிய வாரத்தில், எங்களூரில் அந்த வரியைக் கேட்டுச் சிலர் சிரித்தும் விட்டார்கள். அந்தச் சிரிப்பைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாரூக்கின் பள்ளம் நிரம்புவது தண்ணீரால் அல்ல, நாடுகடத்தப்பட்டவர்கள் இடறாமல் வீடு திரும்பும்படி நிலம் சமமாவதால் என்று அன்று ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால், முகாமாக மாறிய பள்ளிக்கூடத்திலிருந்து பூசைக்கு வந்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பொருந்தியிருக்கும்!

இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றும் மூன்றாம் ஞாயிற்றில், என்றும் மகிழுங்கள் என்ற பவுலின் சொல்லை வாசிக்கிறோம். அவர் சிறையில் விலங்கோடு இருந்து எழுதிய திருமுகம் அது என்பதை யாரும் சொல்வதில்லை. அதே நாளில் கூட்டத்தார் திருமுழுக்கு யோவானிடம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிரட்டும், வரி தண்டுவோர் விதித்ததற்கு மேல் வாங்க வேண்டாம், படைவீரர் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம் என்கிறார். மகிழ்ச்சியின் ஞாயிற்றில் இவ்வளவு வெளிப்படையான பதிலை ஏன் அவசரமாகக் கடந்து போகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த வாசகங்கள் 2027 திருவருகைக்காலத்தில் மீண்டும் வரும். அதற்குள் ஒவ்வொரு பங்கிலும் வாசகர்களைச் சனிக்கிழமை மாலையில் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊரில் எந்த நிலையில் இருந்தவர்களிடம் அச்சொற்கள் பேசப்பட்டன என்று இரண்டே வரியில் முன்னுரை எழுதிக் கொடுங்கள். கடல் பற்றிய வரியை மட்டும் சற்று மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலூர்ப் பங்கு ஒன்றின் பின்வரிசைக்காரன்