ஸ்டென்டின் அளவை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள்

கால் ரத்தக்குழாய் அடைப்புக்குச் சிகிச்சை செய்யும் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் ஒலியலையால் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். தொடை ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்துக்கொண்டவர்கள், அதிலும் சர்க்கரை நோயாளிகள், சில மாதங்களில் "நடந்தா மறுபடியும் கெண்டைக்கால் பிடிக்குது டாக்டர்" என்று வருகிறார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தத்தின் வேகம் அதற்கு முந்தைய பகுதியைப்போல் 2.4 மடங்கைத் தாண்டினால் பாதிக்குமேல் சுருங்கிவிட்டது என்று கொள்கிறோம். காரணம் தேடி டிஸ்சார்ஜ் சீட்டைப் பிரித்தால் "ஸ்டென்ட் வைக்கப்பட்டது" என்று ஒரே வரி. எத்தனை மில்லிமீட்டர்? அந்த இடத்தில் குழாய் எவ்வளவு அகலம்? எதுவும் இருக்காது.

அளவு சின்ன விஷயமில்லை என்பது உங்களுக்கே தெரியும். தொடையில் வைக்கும் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவை) ஸ்டென்ட் தானாக விரிவது. சுவரோடு ஒட்டி நிற்பதற்காகக் குழாயைவிட ஏறக்குறைய 1 மி.மீ. பெரிதாக எடுக்கிறோம். அதற்குமேல் பெரிதானால், ஸ்டென்ட் தன் முழு அகலத்தை எட்டப் பார்த்து மாதக்கணக்கில் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். புண்பட்ட சுவர் உள்பக்கம் தடிக்கும். பன்றிகளில் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. சிறிதானாலும் தொல்லைதான், சுவரில் ஒட்டாத இடத்தில் ரத்தம் உறையலாம்.

அப்புறம், தொடைக்குழாய் மேலே அகலமாகவும் முழங்கால் பக்கம் ஒடுங்கியும் போகிறது. மேலே 6 மி.மீ. என்று பார்த்து 7 மி.மீ. அகலத்தில் நீளமான ஸ்டென்ட் ஒன்றை வைத்தால், 4.5 மி.மீ. மட்டுமே உள்ள கீழ்முனை என்ன பாடுபடும்?

ஸ்டென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வியன்னாவில் 104 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் மறுபடி சுருங்கியது பலூனால் குழாயை விரிக்கும் சிகிச்சையில் 63 சதவீதம், ஸ்டென்ட் வைத்தவர்களில் 37 சதவீதம். பலன் பெரிதுதான். ஆனால் 37ம் சின்ன எண் இல்லை.

முடிந்த இடத்தில் ஐவஸ் (குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) போட்டுக் குழாயை உள்ளிருந்தே அளந்து பாருங்கள். ஆஞ்சியோ படத்தில் (மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) குழாய் பெரும்பாலும் உள்ளதைவிடச் சிறிதாகவே தெரிகிறது. அந்தச் செலவு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது, சரி. கண்ணளவில் முடிவு செய்யாமல், அடைப்பில்லாத பகுதியை மேலும் கீழும் தனித்தனியாகவாவது அளக்கலாமே.

செலவே இல்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஸ்டென்ட் பெட்டியில் அகலமும் நீளமும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வருகின்றன. ஒன்றை நோயாளியின் சீட்டிலும் ஒட்டி, நீங்கள் அளந்த குழாயின் அகலத்தைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.