மேரி கொல்வின்: நீ கேட்ட குறிப்புகள்

அன்புள்ள வேலு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நல்லது. மாடிப்படியை மட்டும் கொஞ்ச நாள் தவிர்த்துவிடு.

இதழியல் மாணவர்களிடம் போர்முனை நிருபர் மேரி கொல்வினைப் பற்றிப் பேச வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். அவர் போட்டிருந்த கறுப்புக் கண்பட்டையில் ஆரம்பிக்காதே. எல்லாரும் அங்கே ஆரம்பித்து, துணிச்சல் துணிச்சல் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அதனால் என்ன பிரயோசனம்? அவர் எப்படி வேலை பார்த்தார், அந்த வேலை எந்த இடத்தில் ஆளைக் கொல்லும் என்று சொல்.

வாழ்க்கைக் குறிப்புக்கு இரண்டு நிமிடம் போதும். 1956-இல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகம், யுபிஐ செய்தி நிறுவனம், 1986-இல் லிபியத் தலைவர் கடாபியின் பேட்டி, பிறகு சாகும்வரை லண்டன் 'சண்டே டைம்ஸ்'. அது வாரப் பத்திரிகை என்பதை அழுத்திச் சொல். நாளிதழ்க்காரரைப் போல மாலைக்குள் எதையாவது அனுப்பியே தீர வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இல்லை; ஒரே இடத்தில் நாலைந்து நாள் உட்கார முடிந்தது. தளபதிகளின் வரைபடத்தில் அவருக்கு அக்கறை இருக்கவில்லை. ஜனங்கள் ஒண்டியிருக்கும் நிலவறைக்குப் போவார். எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறார்கள், மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார். 1987-இல் பெய்ரூட்டின் புர்ஜ் அல் பராஜ்னே பாலஸ்தீன அகதி முகாமை அமல் என்ற லெபனான் ஷியாப் படையினர் முற்றுகையிட்டிருந்தபோது, உணவு தேடி வெளியே போன பெண்களை மறைந்திருந்து சுட்டார்கள். கொல்வினின் கட்டுரை சுடப்பட்ட ஒரு பெண்ணை மையமாக வைத்தே எழுதப்பட்டது. 1999 செப்டம்பரில் கிழக்குத் திமோரின் டிலி நகரில், ஐ.நா. வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்த சுமார் 1,500 பேரை விட்டுவிட்டு மற்ற நிருபர்களில் பெரும்பாலோர் கிளம்பியபோது, இவரும் இரண்டு டச்சுப் பெண் பத்திரிகையாளர்களும் நகரவில்லை. சில நாளில் அந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

இந்த முறையின் பலவீனம் திரும்பி வரும் வழி. உள்ளே கூட்டிப்போக ஆள் கிடைப்பார். வெளியே வரும் நேரத்தில் நிலவரம் மாறியிருக்கும். அதே 1999 கடைசியில் செச்னியாவில் ரஷ்யப் படை பாதையை அடைத்துவிட, காகசஸ் மலையின் பனியில் நடந்தே ஜார்ஜியாவுக்குள் இறங்க வேண்டியிருந்தது. 2001 ஏப்ரல் 16 இரவு இலங்கையின் வன்னியிலும் இதுதான் நடந்தது. பத்திரிகையாளர்களுக்கு அரசு மூடிவைத்திருந்த பகுதிக்குள் ரகசியமாகப் போய், விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் தமிழ்ச்செல்வனைச் சந்தித்து, மருந்தும் எரிபொருளும் இல்லாமல் மக்கள் இருந்த நிலையைப் பார்த்துவிட்டார். திரும்பி அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கடக்கும்போது ராணுவம் சுட்டது. தான் பத்திரிகையாளர் என்று கத்திய பிறகும் ஒரு குண்டு வந்து வெடித்தது. இடது கண் பார்வை போயிற்று; கண்பட்டை அதனால்தான். இருட்டில் குரலை வைத்து யாரும் யாரையும் அடையாளம் காண மாட்டார்கள், வேலு. இரவில் இரு தரப்புக்கும் நடுவே கடப்பதுதான் இந்தத் தொழிலின் ஆக மோசமான பத்து நிமிடம்.

சிரிய நகரமான ஹோம்ஸுக்கு அதிக நேரம் ஒதுக்கு. 2012 பிப்ரவரியில், லெபனான் எல்லை வழியாகச் சிரியாவுக்குள் நுழைந்து, சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள மழைநீர்க் குழாயில் குனிந்தபடி நடந்து, அரசுப் படை முற்றுகையிட்டிருந்த பாபா அமர் பகுதிக்குள் போனார்கள், அவரும் புகைப்படக்காரர் பால் கான்ராயும். ஒரு மரப்பட்டறையின் நிலவறையில் 300 பெண்களும் குழந்தைகளும் ஒடுங்கிக் கிடந்ததைப் பற்றிய கட்டுரை 19-ஆம் தேதி ஞாயிறு இதழில் வந்தது. அதற்குள் அவர் ஒருமுறை வெளியே வந்தும்விட்டார். பிறகு மறுபடி உள்ளே போனார்.

21, செவ்வாய்க்கிழமை. அடுத்த இதழுக்கு ஐந்து நாள் இருந்தது. நெஞ்சில் குண்டுச் சிதறல் பட்ட ஒரு குழந்தை செத்துப்போவதைப் பார்த்தவர் ஞாயிறுவரை பொறுக்கவில்லை. அன்றிரவே பிபிசி, சேனல் 4, சிஎன்என் மூன்றுக்கும் பாபா அமரின் தற்காலிக ஊடக மையத்திலிருந்து பேசினார். மறுநாள் காலை அதே கட்டடத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. கொல்வினும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஒஷ்லிக்கும் இறந்தார்கள். எழுதி அனுப்பிவிட்டு நகரும் வாரப் பத்திரிகைப் பழக்கத்தை அன்று அவர் மீறினார் என்பது என் கணிப்பு. தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கான்ராய் முன்பு பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் இருந்தவர். ஒரு குண்டு இலக்குக்கு அப்பால், அடுத்தது இப்பால், அப்புறம் இடைவெளி குறைந்துகொண்டே வரும். அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. சும்மா கண்டபடி அடித்தால் அப்படி வராது. 2019-இல் வாஷிங்டன் மத்திய நீதிமன்றமும், ஊடக மையம் வேண்டுமென்றே தாக்கப்பட்டது என்று தீர்ப்பளித்து, சிரிய அரசு 30.25 கோடி டாலர் தர வேண்டும் என்றது. ஒற்றர்களின் தகவலும் அலைவரிசை ஒட்டுக்கேட்பும் சேர்ந்தே இடம் காட்டின என்பது வழக்கில் வந்த சாட்சியம்.

இங்கே கருவியைப் பற்றிச் சொல்லிவிடு. சாட்டிலைட் போனுக்கு வானம் தெரிய வேண்டும். அதனால் மாடிக்கோ ஜன்னலுக்கோ வந்துதான் பேச வேண்டும். துரையா என்ற சாட்டிலைட் போனும் பிகான் என்ற சாட்டிலைட் இணையக் கருவியும் ஜிபிஎஸ் மூலம் தம் இருப்பிடத்தைக் கண்டு வலையமைப்புக்குத் தெரிவிக்கும். பேச்சை ரகசியக் குறியாக்கம் செய்தாலும் அலை கிளம்பும் இடம் மறையாது. ஆகவே கட்டுரையை முன்பே எழுதி வைத்து, தங்கும் இடத்திலிருந்து தள்ளிப் போய், சட்டென்று அனுப்பி, அணைத்துவிட்டு நகர வேண்டும். நேரலையில் இது எதுவும் நடக்காது.

வெள்ளைக் கொடி பற்றி, அதாவது இலங்கைப் போரின் முடிவில் புலித் தலைவர்கள் சரணடைய முயன்றது பற்றி, கட்டாயம் யாராவது கேட்பார்கள். 2009 மே 24 இதழில் அவர் எழுதியதை மட்டும் சொல்: நடேசனும் புலித்தேவனும் போனில் சரணடைய வழி கேட்டது, ஐ.நா.வின் விஜய் நம்பியாரிடம் கொல்வின் அதைச் சேர்ப்பித்தது, பிறகு இருவரும் கொல்லப்பட்டது. அங்கே அவர் நிருபர் மட்டுமல்ல, தூதரும்கூட. அது சரியா என்று மாணவர்களையே விவாதிக்க விடு.

நேரம் மிஞ்சினால், கை கால் காயத்தில் ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டை ஒன்று கொண்டுபோய்க் கட்டிக் காட்டு. ஹோம்ஸில் அன்று காலை நடந்த தாக்குதலில் கான்ராய்க்கும் பிரெஞ்சு நிருபர் எடித் பூவியேவுக்கும் காலில்தான் காயம். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்கிவிட்டு, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். வலிக்கிறதே என்று பாதியில் விட்டால் சிரை மட்டும் அடைபட்டுத் தமனி ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தப்போக்கு முன்னைவிட அதிகமாகும். மெல்லிய கயிறு வேண்டாம், தோலை அறுக்கும். அசல் பட்டைதான் வாங்கு. மலிவுப் போலிகளில் முறுக்கும் கம்பி ஒடிந்துவிடுகிறது.

அன்புடன்,
கணேசன்