புல்மேடு தரிசு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் குமரி மாவட்ட மலைகளைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'முத்துக்குழிவயல் பக்கம் தரிசாகக் கிடக்கும் புல்மேடுகளில் மரம் நட்டால் பறவைகள் பெருகும்.' அதைப் படித்த பிறகு எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

மலை மேலே பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் காடு என்பது உங்களுக்குத் தெரியாததா? சோலைக்குள் இருக்கும் அசம்பு சிரிப்பான் என்ற பறவை, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழ்வது. 2017இல் தனி இனம் என்று அறிவிக்கப்பட்ட நீலக் குருவியின் அறிவியல் பெயர் சோலிகோலா அசம்புவென்சிஸ். நம் அசம்பு மலையின் பெயரை இரண்டு பறவைகள் சுமக்கின்றன. கீழே கீரிப்பாறையில் தேடினால் அவை கிடைக்காது. புல்லுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. அகன்ற வால் கொண்ட புல்குருவி உயரமான புல்லுக்குள்தான் கூடு கட்டும். மழைக்காலத்தில் ஆண் குருவி மேலே எழும்பிப் பாடிக்கொண்டே இறங்கும். நெட்டைக்காலி என்ற சிறு பறவை தரையில் ஓடித்தான் பூச்சி பிடிக்கும். அங்கே மரத்தை அடர்த்தியாக நட்டால் இவை எங்கே போகும்?

நான் இதைப் படித்து மட்டும் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் மேலதிகாரிகள் சொன்னதைக் கேட்டு, என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு புல்மேட்டில் யூக்கலிப்டஸ் கன்று நட்டேன். கைதட்டினார்கள். சில வருடம் கழித்துப் போனபோது நிழல் இருந்தது, புல் இல்லை, நெட்டைக்காலியும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்று உங்கள் பத்திரிகை நினைப்பது இது முதல் முறையும் அல்ல. இரண்டு வருடம் முன்பு ரப்பர் எஸ்டேட் படத்தைப் போட்டு 'குமரியின் அடர்வனம்' என்று எழுதினீர்கள். என் அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. தலைவிளக்கு வெளிச்சத்தில் அவர் பின்னால் நடந்து வளர்ந்தவள் நான். அந்தத் தோட்டத்தில் தவிட்டுக்குருவி கத்தும், கொண்டைக்குருவி வரும். இருவாச்சியை ஒருநாளும் கண்டதில்லை. அதற்கு அத்திப்பழம் வேண்டும், அடைத்துக்கொண்டு முட்டையிடக் கிழட்டு மரத்தின் பொந்து வேண்டும். ரப்பர் மரத்தைப் பொந்து விழும் வயது வரைக்கும் யார் விட்டுவைக்கிறார்கள்? அன்றைக்கும் கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை. காரணமும் சொல்லவில்லை.

2022இல் சுசீந்திரம் தேரூர்க் குளங்களுக்கு ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது நாள்தோறும் படம் போட்டீர்கள், மனம் நிறைந்தது. அந்த அக்கறையில் பாதியாவது மலைக்கு வேண்டாமா? பேருந்தில் இருந்தே பார்க்க முடிகிற பறவை மட்டும்தானா பறவை?

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். 'தரிசு' என்ற இடத்தில் 'மலைப்புல்வெளி' என்று போடுங்கள், மரம் நடச் சொன்னது தவறு என்றும் எழுதுங்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் உங்கள் கட்டுரையை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். திருத்தம் வந்தால் நானே கொண்டுபோய் அதன் பக்கத்தில் ஒட்டுவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை, குலசேகரம்